டாக்சிசைக்ளின்

டாக்சிசைக்ளின் என்பது பாக்டீரியாவின் புரத உற்பத்தியைத் தடுத்து, அதன் பெருக்கத்தை நிறுத்தும் டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாகும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மாந்தோப்பும் தென்னந்தோப்பும் புதர்க்காடும் அடுத்தடுத்து வரும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பகுதிகளில் இம்மருந்து சிறப்பிடம் பெறுவது, ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலை முன்னிட்டே ஆகும். புதரில் வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணியின் இளம்பருவம் கடிக்கையில், ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா உடலில் புகுகிறது. கடிவாயில், சிகரெட்டால் சுட்டதுபோன்ற, வலியற்ற கருநிறப் பொருக்கு பலருக்குத் தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய மறைவிடங்களிலேயே அது பெரும்பாலும் இருப்பதால், ஆடை விலக்கிப் பாராத பரிசோதனையில் தவறிப்போவதும், அதனால் உயிர்காக்கும் மருந்து தாமதமாவதும் மிகவும் வருந்தத்தக்கவை.

இக்கிருமி மனித உயிரணுக்களுக்குள் தங்கி வாழ்வதால், பரவலாக வழங்கப்படும் அமாக்சிசிலின் இதற்குப் பயன்படாது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை தரப்படும் டாக்சிசைக்ளினோ, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சலைத் தணிக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, கடுமையான நோயில் இதனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சிரைவழி செலுத்துவது, தனித்தனியே தருவதைவிடச் சிறந்தது எனக் காட்டியது. மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருத்தல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை உடன் உண்டால் மருந்து உடலில் சேர்வது குறையும்.