வாங்கிப் பாடும் ஒலிநாடா



நம் தோட்டத்துக் கோயில்களில் மார்கழி மாதம் பஜனை நடக்கும்போது, ஒருவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார். கூடியிருப்போர் அதை வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவரின் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், வாங்கிப் பாட நாலு பேர் இல்லையென்றால் பஜனை சோபிப்பதில்லை. அந்த நாலு பேரும் வராத நாளில் என்ன செய்வது? மேல்நாட்டு இசைக் கலைஞர்கள் சிலர், தாம் வாசித்ததைத் தமக்கே திருப்பிக் கொடுக்கும் ஒரு கருவியைத் துணையாக்கிக் கொண்டார்கள். அந்தத் துணை வந்த வரலாற்றை இன்று காண்போம்.

லெஸ் பால் என்பவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1915ஆம் ஆண்டு பிறந்தவர். கித்தார் வாசிப்பில் எவ்வளவு ஆசையோ, கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும் அவருக்கு அவ்வளவு ஆசை. 1948இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு ஒன்றில் எட்டுக் கித்தார்கள் ஒலித்தன. எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே! முதற்பகுதியை ஒரு தட்டில் பதிவு செய்வார். அதை ஓடவிட்டு, கூடவே அடுத்த பகுதியை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிவு செய்வார். இப்படியே மேலும் மேலும் அடுக்கிக்கொண்டு போனார்.

ஜெர்மனியில் செம்மை பெற்ற ஒலிநாடா, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தது. புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பி, 'ஆம்பெக்ஸ்' டேப் ரெக்கார்டர் ஒன்றை லெஸ் பாலுக்கு அளித்தார். அதில் கூடுதலாக ஒரு 'ஹெட்' பொருத்தி, பழைய ஒலியோடு புதிய ஒலியைச் சேர்த்து அதே நாடாவில் பதிவு செய்யும் வழியை அவர் கண்டார். ஆனால் ஓர் ஆபத்தும் உடன் வந்தது. புதியது ஏறும்போது பழையது அழிந்துவிடும். கடைசிப் பகுதியில் விரல் வழுக்கினால், முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்! அவரும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் இம்முறையில் பதிவு செய்த ஒரு பாடல், 1951இல் ஒன்பது வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது.

இருந்தாலும் இதெல்லாம் பதிவறைக்குள் நடந்த வேலை. கேட்போர் முன்னிலையில் அப்போதைக்கு அப்போதே ஒலியை அடுக்குவது எப்படி? அதற்கான வழி பிறந்தது பாரிஸ் நகரில்.

1963ஆம் ஆண்டு அங்கே ஒரு நாடகத்துக்கு இசையமைக்கும் பொறுப்பு டெர்ரி ரைலி என்ற அமெரிக்க இளைஞருக்குக் கிடைத்தது. டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரும் அவருடைய குழுவினரும் வாசித்தார்கள். ரைலியின் மனத்தில் ஒருவிதமான ஒலி இருந்தது: ஓர் ஒலி மீண்டும் மீண்டும் வர வேண்டும், அதன் மேல் புதிய ஒலி வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. தமக்கு வேண்டியதை பிரெஞ்சு வானொலியைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரிடம் வாயால் விளக்கினார். வெள்ளை மேலங்கி அணிந்த அந்த மனிதர் சிறிது நேரம் அதையும் இதையும் மாற்றிப் பார்த்துவிட்டு, இரண்டு டேப் ரெக்கார்டர்களை அருகருகே வைத்து, ஒரே நாடாவை இரண்டின் வழியாகவும் ஓடவிட்டார்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. முதல் ரெக்கார்டர் ஒலியைப் பதிவு செய்கிறது. நாடா நகர்ந்து இரண்டாவது ரெக்கார்டரை அடைந்ததும், அது அந்த ஒலியைப் பாடுகிறது. பாடிய ஒலியைக் கம்பி வழியாக மறுபடி முதல் ரெக்கார்டருக்கே அனுப்பினால், புதிதாக வாசிப்பதோடு பழையதும் சேர்ந்து பதிவாகும். நாடா ஒரு விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுவதாகவும், இரண்டு ரெக்கார்டர்களின் ஹெட்டுகளுக்கும் இடையில் 95 சென்டிமீட்டர் நாடா இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வாசித்த சுரம் எத்தனை விநாடி கழித்துத் திரும்பி வரும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும், ஐந்து விநாடி. நீண்ட இடைவெளி வேண்டுமானால் ஒரு ரெக்கார்டரைத் தள்ளி வைத்தால் போதும். கசெட் நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சரிசெய்த நம்மில் பலருக்கு, இந்த வித்தை அப்படி ஒன்றும் அந்நியமாகப் படாது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒலி சிறிது மங்கும், கூர்மை குறையும், இரைச்சல் கூடும். பழைய சுரங்கள் பனிமூட்டத்துக்குள் போவதைப் போல மெல்ல மறையும். குறைதான், ஆனால் கேட்பதற்கு இனிமையான குறை. தப்பான சுரம் ஒன்று விழுந்துவிட்டாலோ, அதுவும் ஐந்து விநாடிக்கொரு முறை வந்து நின்று வாசித்தவரைக் கேலி செய்யும்!

ரைலி இந்த அமைப்போடு இரவு முழுவதும் தனியாளாகக் கச்சேரி செய்தார். 1969இல் வெளிவந்த இசைத்தட்டில், தமக்குத் துணை வாசித்த நாடாவுக்கு 'மாயக் குழு' என்ற பொருளில் பெயரிட்டார். 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார். தம்பூரா இடைவிடாமல் ஒலிக்க, அதன்மேல் குரலை வளர்த்துச் செல்லும் முறை அவரை ஈர்த்ததில் வியப்பில்லை.

1972 செப்டம்பரில் இலண்டனில், பிரையன் ஈனோ தம் இல்லத்தில் இரண்டு ரெவாக்ஸ் ரெக்கார்டர்களை இதே விதமாக இணைத்து வைத்திருந்தார். கித்தார்க் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் அங்கே வந்து, தம் கித்தாரை இணைத்து வாசித்தார். அன்று பிறந்த ஏறத்தாழ 21 நிமிட இசை, 1973இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. 1979இல் ஃபிரிப் இரண்டு ரெக்கார்டர்களையும் கித்தாரையும் எடுத்துக்கொண்டு இசைத்தட்டுக் கடைகளிலும் உணவகங்களிலும் தனியே வாசித்து வந்தார். இந்த முறைக்கு 'ஃபிரிப்பர்டிரானிக்ஸ்' என்ற பெயரும் வந்தது. அப்பெயரைச் சூட்டியவர் அவருடைய தோழியான கவிஞர் ஜோவானா வால்டன்.

ஃபிரிப்பின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த நாடாவைப் பாட வைக்க அவருடைய விரல்கள் வேண்டியிருந்தன. ஈனோ தமக்குக் காட்டிய முறை இது என்பதையும் அவர் மறைத்ததில்லை. ஆயினும் என் மனம் பாரிஸ் நகரப் பொறியாளரிடமே திரும்பிப் போகிறது. முறைக்குப் பெயர் உண்டு. பெயர் சூட்டியவருக்கும் பெயர் உண்டு. ரைலி அந்த நாளைச் சொல்லும்போது, பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் என்கிறார். அவருடைய வெள்ளை அங்கியைக்கூட நினைவுகூர்கிறார். பெயர் மட்டும் வரவில்லை. காடு வெட்டிப் பாதை போட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு இந்தச் சங்கதி புதிதா என்ன?

பின்னர் நாடாவின் இடத்தை மின்னணுச் சில்லு பிடித்தது. 1980களின் தொடக்கத்தில் பதினாறு விநாடி இசையை நினைவில் வைத்துக்கொள்ளும் கருவி நியூயார்க்கில் விற்பனைக்கு வந்தது. 2001இல் ஜப்பானிய நிறுவனமான பாஸ், காலால் மிதித்து இயக்கும் 'லூப் ஸ்டேஷன்' கருவியை வெளியிட்டது. ஓர் அறையை அடைத்துக்கொண்ட வேலை, ஒரு காலடிக்குள் அடங்கியது. ஒலி மங்குவதும் நின்றுபோனது. மங்க வேண்டும் என்று நாமாக விரும்பினால்தான் மங்கும்.

2004ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாட வேண்டிய பிரபலம் வரமுடியாமல் போகவே, கே.டி. டன்ஸ்டால் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கு ஒரே நாளில் அழைப்பு வந்தது. கித்தாரும் கால்பெடலுமாகத் தனியே மேடையேறினார். கித்தாரின் உடலைத் தட்டித் தாளத்தைப் பதிந்தார். ஒரு குரலைப் பதிந்தார். பெடல் அவற்றைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, அதன்மேல் பாடத் தொடங்கினார். அரங்கில் இருந்தவர்கள், மற்ற வாத்தியக்காரர்கள் எங்கே என்று மேடையைத் தேடவில்லை. அவருடைய காலைத்தான் பார்த்தார்கள்.