அறுபது நாள் கெடு

லூபோக் சீனா வட்டாரத் தோட்டத்தில் வேலைநீக்கம் செய்யப்படும் தொழிலாளி, 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். நாள் தவறினால் நியாயம் இருந்தும் பயனில்லை. மரண தண்டனைக் கைதிக்கும் அதே 60 நாள் என்றால்?

இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி குல்பூஷண் ஜாதவை 2016 மார்ச்சில் பலுசிஸ்தானில் பிடித்ததாகப் பாகிஸ்தான் சொன்னது. ஈரானிலிருந்து கடத்தப்பட்டார் என்றது இந்தியா. 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. இந்தியத் தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்க அனுமதிக்கப்படவில்லை. அது தவறு, தண்டனையை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 2019 ஜூலை 17-இல் அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020 மே 20-இல் பாகிஸ்தான் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. 60 நாள்களுக்குள் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஜாதவே மறுத்துவிட்டார் என்றது பாகிஸ்தான். கட்டாயப்படுத்தப்பட்டார் என்றது இந்தியா. கடைசி நேரத்தில் இந்தியா மனுச் செய்ய முயன்றும், அதிகாரப் பத்திரமும் வழக்கு ஆவணங்களும் இல்லாததால் முடியவில்லை. கெடு கடந்தது. பின்னர் பாகிஸ்தான் அரசே வழக்கறிஞரை நியமிக்கும்படி நீதிமன்றத்தை நாடியது. அவசரச் சட்டம் நான்கு மாதம் நீட்டிக்கப்பட்டு, 2021 நவம்பரில் நாடாளுமன்றச் சட்டமானது.

அவகாசம் கேட்பவர் சாக்குச் சொல்கிறார் என்று ஒதுக்குவது எளிது. ஆவணமும் வழக்கறிஞரும் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால்தான் அது அவகாசம். நம் தொழிலாளிக்கோ வேலை நின்ற நாளிலிருந்தே கணக்கு. கடிதம் வந்ததும் தொழிற்சங்கத்தை நாடுங்கள்.