கலம்காரி

துணியில் வரையும் கலையான கலம்காரியில் 'கலம்' பாத்திரமல்ல, எழுதுகோல். 'காரி' என்றால் வேலை. இரண்டும் பாரசீகம் வழி வந்தவை. அரபி வழியே மலாயிலும் கலம் என்றால் பேனாதான்.

மூங்கிலைச் சீவி, முனைக்குச் சற்று மேலே துணி சுற்றி நூலால் இறுக்கினால் கலம் தயார். துணி மையைக் குடித்துக்கொள்ளும். விரலால் அமுக்க அமுக்கக் கோடு இறங்கும்.

மையும் எளிய சரக்குதான்: துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர். கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில் வெளிறலாக விழுந்து, பார்த்திருக்கும்போதே கறுக்கும். கிருஷ்ணனும் ராதையும் இப்படித்தான் கோடாகிறார்கள்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் வீனஸ், மார்ஸ் தெய்வங்களின் காதலை வரைந்த மைகளிலும் இதே வித்தை உண்டு: மாசிக்காய், அன்னபேதி, பிசின். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. நாளானால் அது பழுப்பேறும். இரும்பு மிகுந்தால் தாளையே அரித்துவிடும்.