மிகைத் தானியமும் பாத்தியதைப் பசியும்: அமெரிக்க நிவாரண வரலாற்றில் அந்நியரும் சொந்தப் பிரஜைகளும், 1794–1961

தனக்கு மிஞ்சியே தானமும் தர்மமும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது ஒரு குடும்பத்தின் அடுப்படியை மனத்தில் கொண்டு சொன்ன வார்த்தை. பானையில் சோறு எவ்வளவு, பந்தியில் உட்கார வேண்டியவர் எத்தனை பேர் என்பது அங்கே எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ஒரு தேசம் தன் பிரஜைகளில் ஒரு பகுதியினர் வறுமையில் வாடும்போதே கடல் கடந்த அந்நியருக்குக் கப்பல் கப்பலாகத் தானியம் அனுப்பலாமா என்ற கேள்வி எழும்போது, 'தான்' என்பது யார், 'மிஞ்சியது' என்பது எது என்ற இரண்டுமே விவாதத்துக்கு உரியவையாகிவிடுகின்றன. இந்தக் கேள்வியை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தன் சட்டசபையில் வைத்துத் திரும்பத் திரும்ப விசாரித்த நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள். அந்த விசாரணையின் போக்கை ஆராய்ந்தால், அங்கே அந்நியரின் பசியும் சொந்தப் பிரஜையின் பசியும் ஒரே பானைச் சோற்றுக்குப் போட்டியிட்ட சந்தர்ப்பங்கள் மிகச் சிலவே என்பதும், பிரஜைக்கு மறுக்கப்பட்டதற்குக் காரணம் வேறோர் இடத்தில் இருந்தது என்பதும் புலனாகும்.

1793-ல் கரிபியன் கடலில் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த சான் தொமிங்குவில் கிளர்ச்சி முற்றி, காப் பிரான்சே நகரம் தீக்கிரையானபோது, அகதிகள் ஆயிரக்கணக்கில் பால்டிமோர் முதலிய துறைமுகங்களில் வந்து இறங்கினர். அவர்களுக்காக 1794 பிப்ரவரியில் காங்கிரஸ் மகாசபை 15,000 டாலர் ஒதுக்கியது. பொதுமக்களின் பணத்தைத் தர்மகாரியத்துக்குச் செலவிட அரசியல் சட்டத்தில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று ஜேம்ஸ் மாடிசன் அப்போதே ஐயம் எழுப்பினார். அதனால், பிரான்சுக்குத் தர வேண்டிய கடனில் அத்தொகையைத் தற்காலிகமாகக் கழித்துக்கொள்வது என்ற சமாதானத்துடன் மசோதா நிறைவேறியது. இரண்டு ஆண்டு கழித்து, 1796 நவம்பரில், ஜார்ஜியா மாகாணத்தின் சவன்னா நகரம் எரிந்து, சொந்தப் பிரஜைகளே வீடிழந்து நின்றபோது, அவர்களுக்கு உதவும் பிரேரணையை அதே மகாசபை நிராகரித்தது. இன்று சவன்னாவுக்குக் கொடுத்தால் நாளை எரியும் ஒவ்வோர் ஊரும் கை நீட்டுமே என்பது எதிர்த்தோரின் வாதம். 1812-ல் காரகஸ் நகரைப் பூகம்பம் அழித்தபோதோ, பிரிட்டனுடன் யுத்தம் மூளுவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையிலும், வெனிசுவேலா மக்களுக்கு மாவு வாங்கி அனுப்ப 50,000 டாலரை மகாசபை அதிகத் தயக்கமின்றி வழங்கியது.

இதைக் கொண்டு அந்த மகாசபை எப்போதும் அந்நியர்பால் தாராளமாகவும் தன் மக்கள்பால் கடுமையாகவும் நடந்தது என்று முடிவு கட்டினால் அது நேர்மையாகாது. 1827-ல் எரிந்த அலெக்ஸாண்டிரியா நகருக்கு 20,000 டாலர் கிடைத்தது. வெள்ளத்துக்கும் தீக்கும் இரையான பிற ஊர்களும் அவ்வப்போது உதவி பெற்றன. 1847-ல் அயர்லாந்துப் பஞ்சத்துக்காக 5 லட்சம் டாலர் வழங்கக் கோரிய மசோதா செனட் சபையைத் தாண்டியும் பிரதிநிதி சபையில் மடிந்துபோயிற்று. 'ஜேம்ஸ்டவுன்' முதலிய போர்க்கப்பல்களை இரவலாகத் தந்ததோடு அரசாங்கம் நின்றுகொண்டது, ஜேம்ஸ்டவுனை நிரப்பியவர்கள் பாஸ்டன் நகரத்து ஜனங்கள். ஆயினும் சட்டென்று வந்த விபத்து வேறு, வறட்சியாலும் வேலையின்மையாலும் மெல்ல வந்து சூழும் இல்லாமை வேறு என்ற பாகுபாடு நாளடைவில் உறுதிப்பட்டது. 1887-ல் டெக்ஸஸின் வறண்ட ஜில்லாக்களுக்கு விதை வாங்க அனுமதிக்கப்பட்ட 10,000 டாலரை, குடிகள் அரசைத் தாங்க வேண்டுமேயன்றி அரசு குடிகளைத் தாங்கலாகாது என்னும் கருத்துப்படக் காரணம் எழுதி, ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் ரத்து செய்தார்.

இந்தச் சித்தாந்தத்தின் முழு வலிமையையும் முழு வேதனையையும் ஒரே மனிதருடைய வாழ்க்கையில் காணலாம். அயோவா மாகாணத்தில் குவேக்கர் மரபில் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, சுரங்க எஞ்சினீயராகப் பெரும்பொருள் ஈட்டிய ஹெர்பர்ட் ஹூவர், 1914-ல் ஜெர்மானியப் படை பெல்ஜியத்தை ஆக்கிரமித்தபோது லண்டனில் இருந்தவர். அவர் தலைமை ஏற்ற நிவாரணக் குழு, போரிடும் இரு தரப்பாரிடமும் அனுமதி பெற்று, பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் சுமார் 90 லட்சம் பேருக்கு உணவு போய்ச் சேரச் செய்தது. 1919 பிப்ரவரியில் ஐரோப்பிய நிவாரணத்துக்கென மகாசபை 10 கோடி டாலர் ஒதுக்கியபோது அதை நடத்திய அமெரிக்க நிவாரண நிர்வாகத்துக்கும் அவரே தலைவர்.

1921 ஜூலையில் ருஷியாவின் வால்கா நதிப் பிரதேசத்தின் பஞ்சத்தை உலகுக்கு அறிவித்து மக்ஸீம் கார்க்கி வேண்டுகோள் விடுத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரீகா நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஹூவரின் பிரதிநிதிகள் ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை: யாருக்கு உணவு தருவது என்பதை நிர்வாகமே தீர்மானிக்கும், உள்ளூர்க் குழுக்களை அமைக்கும் சுதந்திரமும் அதற்கே உண்டு, அரசியலோ மதமோ பாராமல் பசி ஒன்றையே பார்த்துப் பங்கிடப்படும். டிசம்பரில் மகாசபை 2 கோடி டாலர் அளித்தது. மக்காச்சோளமும் விதைத் தானியமும் பதனிட்ட பாலும் வாங்கப்பட்டன. 1922-ம் ஆண்டுக் கோடையின் உச்சத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அந்தச் சமையற்கூடங்களால் உயிர் தரித்தனர். அவர்களுடைய அரசாங்கத்தை அமெரிக்கா அங்கீகரித்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போது, மனித சரித்திரத்தின் உயர்ந்த செயல்களுள் இதுவும் ஒன்று என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1921-ல் அமெரிக்காவிலும் வேலையில்லாதோர் லட்சக்கணக்கில் தெருவில் நின்றனர். அவர்களை விட்டு ருஷியருக்கு ஏன் என்று மகாசபையில் சிலர் கேட்டனர். ஆனால் மத்திய மேற்குப் பகுதியில் மக்காச்சோளத்தின் விலை அடியோடு வீழ்ந்து, விறகையும் நிலக்கரியையும் விட அது மலிவு என்று உழவர்கள் அடுப்பில் போட்டு எரித்த காலம் அது. ஆகவே வால்காவுக்குச் சென்றது உள்நாட்டு ஏழையின் கலத்திலிருந்து எடுத்ததன்று. அந்த ஏழையின் கலம் நிரம்பாததற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன்பு ஹூவரே தலைமை வகித்த வேலையின்மை மாநாட்டின் முடிவில் இருக்கிறது: வேலையற்றோரைத் தாங்குவது அந்தந்த ஊரின் பொறுப்பு, மத்திய கருவூலத்தின் பொறுப்பன்று.

ஒன்பது ஆண்டுகள் கடந்தன. ஹூவர் ஜனாதிபதியாக இருந்தார். 1930-ம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்தது. ஆர்கன்சாஸ் முதல் கெண்டக்கி வரை பருத்தியும் சோளமும் கருகின. கடன் கொடுத்துவந்த கிராம வங்கிகள் வரிசையாக மூடின. 1931 ஜனவரி 3 அன்று ஆர்கன்சாஸில் இங்கிலாந்து என்னும் பெயருடைய ஒரு சிற்றூரில், செஞ்சிலுவைச் சங்கத்தின் விண்ணப்பப் படிவங்கள் தீர்ந்துபோனதால் உணவுச் சீட்டுக் கிடைக்காமற்போன சில நூறு குடியானவர்கள் கடைத்தெருவுக்கு வந்து, குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள், சாப்பாடு கொடுங்கள் என்று கேட்டனர். கடைக்காரர்கள் பண்டங்களை எடுத்துக் கொடுத்தார்கள். படிவம் இல்லாததால் பசியைப் பதிவு செய்ய முடியாத அந்த நிலையை எண்ணும்போது, அச்சடித்த காகிதத்துக்கு மனித வாழ்வில் எத்தகைய அதிகாரம் ஏற்பட்டுவிட்டது என்று நெஞ்சு துணுக்குறுகிறது.

வறட்சிப் பிரதேசத்துக்காக நிறைவேறியிருந்த 4½ கோடி டாலர் விதைக்கும் உரத்துக்கும் கால்நடைத் தீவனத்துக்குமான கடன். மனிதர் உண்ணும் உணவுக்கு அதில் இடமில்லை. கோவேறு கழுதைக்குத் தீனி உண்டு, அதை ஓட்டுகிறவனுக்குச் சோறு இல்லையா என்று ஆர்கன்சாஸ் செனட்டர்கள் ராபின்சனும் காரவேயும் கேட்டதோடு, 1921-ல் ருஷியருக்காகக் கருவூலத்தைத் திறந்தவர் இப்போது ஏன் அடைக்கிறார் என்ற கேள்வியும் சபையில் ஒலித்தது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 2½ கோடி டாலர் கொடுக்கலாம் என்று செனட் சபை முன்வந்தபோது, வேண்டாம் என்று சங்கத்தின் தலைவர் ஜான் பார்ட்டன் பெய்ன் மறுத்தார். அரசுப் பணம் வந்தால் அண்டை அயலாரின் ஈகை வறண்டுவிடும், ஊர் தன்னைத் தானே ஆளும் பழக்கம் சிதையும் என்பது பிப்ரவரி 3 அன்று ஹூவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம். தன்னார்வ முயற்சிகள் யாவும் தோற்றுப்போனால் மத்திய அரசின் உதவியைத் தாமே கோருவதாகவும் அதில் உறுதி கூறியிருந்தார்.

அவரைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது எளிது. வாழ்நாளெல்லாம் பசித்தோருக்கு உழைத்தவரை அவ்வாறு சொல்ல என் மனம் இசையவில்லை. ஆனால் அவருடைய வாதத்தில் ஒரு பிழை இருந்தது என்பதே என் துணிபு. வால்காக் கரையில் ஒரு விவசாயிக்கு அளித்த ரொட்டி அனுக்கிரகம். 1923-ல் நிர்வாகம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியதும் அந்த உறவு முடிந்தது. ஆர்கன்சாஸ் குடியானவனுக்கு அரசு அளிக்கும் ரொட்டியோ அடுத்த வறட்சியிலும் அவன் கேட்கக்கூடிய பாத்தியதையாக மாறும். அவன் கையில் வாக்குச்சீட்டு உண்டு. சவன்னா தீ விபத்தின்போது எழுந்த அச்சம் இதுதான். அந்நியருக்கு முதலிடம் தந்ததால் பிரஜை பின்தள்ளப்பட்டான் என்பது தோற்றம். பிரஜையின் பசி பாத்தியதையாகிவிடக் கூடாது என்பதே உண்மை.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆர்கன்சாஸ் டெல்டாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் உள்ளூர்க் குழுக்களில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் தோட்ட முதலாளிகளும் வங்கிக்காரர்களும் வணிகர்களுமே. இனாமாக உணவு கிடைத்தால் வாரக் குடிகள், முக்கியமாகக் கறுப்பு இனத்தவர், குறைந்த கூலிக்கு வேலைக்கு வரமாட்டார்கள் என்று அஞ்சியவர்கள் அவர்களிடையே இருந்தனர். ரீகாவில் எந்த உள்ளூர் அதிகாரத்தின் பிடியிலிருந்து பசித்தவனைக் காக்க வேண்டும் என்று ஹூவரின் நிர்வாகம் பிடிவாதம் பிடித்ததோ, அத்தகைய உள்ளூர் அதிகாரத்தின் கையில்தான் சொந்த நாட்டுப் பசித்தவன் ஒப்படைக்கப்பட்டான். அந்நியனுக்குக் கிடைத்த பாதுகாப்பில் பாதியாவது அவனுக்குக் கிடைத்திருக்கலாகாதா?

பூட்டு மெல்லத் திறந்தது. விலையைத் தாங்குவதற்காக அரசு வாங்கிக் குவித்திருந்த கோதுமையில் 4 கோடி புஷலைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே வழங்க 1932 மார்ச்சில் மகாசபை அனுமதித்தது. ஜூலையில் மேலும் 4½ கோடி. அந்த மாதமே மாகாணங்களின் நிவாரணத்துக்கு 30 கோடி டாலர் கடன் தரும் சட்டத்தில் ஹூவரும் கையெழுத்திட்டார். 1933 மே மாதம் ரூஸ்வெல்ட் ஆட்சியில், கடனாக அல்லாமல் மானியமாகவே 50 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இக்கதை நம் வாசலுக்கும் வந்தது. 1951-ல் இந்தியாவில், நம் சென்னை ராஜ்யம் உட்பட, உணவுப் பஞ்சம் கடுமையாயிருந்தபோது, 20 லட்சம் டன் தானியத்துக்காக 19 கோடி டாலர் வழங்கும் மசோதா மகாசபையில் மாதக்கணக்கில் கிடந்தது. கொரியப் போர் குறித்து நேரு கொண்ட நிலையும், திருவிதாங்கூர்க் கரையின் மோனசைட் மணலும் அவ்விவாதத்துக்குள் இழுக்கப்பட்டன. தானமாகக் கேட்டது கடனாகி, ஜூன் மாதம் சட்டமாயிற்று. 1954-ல் வந்த 480-ம் எண் பொதுச் சட்டம் உபரித் தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்புவதை நிரந்தர ஏற்பாடாக்கியது. அதே ஆண்டுகளில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி ஊர்களில் யந்திரங்கள் வந்து வேலையிழந்தோரின் குடும்பங்கள், அதே உபரியிலிருந்து கிடைத்த சொற்ப மாவையும் அரிசியையும் பால்மாவையும் கொண்டு காலம் தள்ளின.

அந்த ஊர்களைத் தேர்தல் பிரசாரத்தில் கண்ணால் கண்ட ஜான் கென்னடி, பதவியேற்ற மறுநாள், 1961 ஜனவரி 21 அன்று, பிறப்பித்த முதல் ஆணை, நாட்டின் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் உணவைப் பெருக்கும்படி விவசாய இலாகாவுக்கு இட்ட ஆணை. மூன்று நாள் கழித்து, வெளிநாடுகளுக்குத் தானியம் அனுப்பும் 'அமைதிக்கு உணவு' திட்டத்துக்கு ஒரு தனி இயக்குநரை நியமிக்கும் ஆணை வந்தது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் ஜில்லாவில் உணவு முத்திரை கொண்டு மளிகை வாங்கும் பாத்தியதை ஏழைகளுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டே 'கேர்' ஸ்தாபனத்தின் வழியாக வந்த அமெரிக்கப் பால்மா, காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தில், சென்னை ராஜ்யத்துப் பள்ளிக்கூடங்களின் அடுப்பில் வெந்நீரில் கரைந்தது.