உரசலும் இழுப்பும்

இரத்தக் குழாய்ச் சுவரை இரண்டு விசைகள் ஓயாமல் தாக்குகின்றன. ஓடும் இரத்தம் உட்பரப்பை உரசிச் செல்கிறது. துடிப்புதோறும் எழும் அழுத்தம் சுவரையே விரித்து இழுக்கிறது. உரசலை ஏற்பவை உட்பரப்பில் ஒற்றை அடுக்காய்ப் படிந்த எண்டோதீலியச் செல்கள். இழுப்பின் பெரும்பகுதி நடு அடுக்கிலுள்ள மென்தசைச் செல்களுக்குப் போகிறது.

பெரிய தமனிகளில் உரசல் 1 முதல் 2 பாஸ்கல்தான். சராசரி இரத்த அழுத்தமோ ஏறத்தாழ 13,000 பாஸ்கல். ஆனாலும் அந்த அற்ப உரசல் செல்லின் மரபணுக்கள் வரை எட்டிவிடுகிறது.

இழுப்பின் கதை நேரானது. மீள்தன்மையுள்ள தகட்டில் மென்தசைச் செல்களை வளர்த்து, தகட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்த ஆய்வு 1993இல் வெளியானது. அந்தச் செல்கள் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைத் தாமே சுரந்து, அதன் தூண்டலால் தாமே பெருகின. அதை முடக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்ததும் பெருக்கம் அடங்கியது.

உரசல் அத்தனை எளிதில் பிடிபடுவதில்லை. அதே 1993இல் பாஸ்டனில் கிம்ப்ரோனின் ஆய்வுக்குழு, பிடிஜிஎஃப்-பி மரபணுவின் முன்பகுதியில் உரசலுக்குப் பதில் சொல்லும் ஆறெழுத்துத் தொடர் ஒன்றைக் கண்டறிந்தது. அப்படியானால் இரத்தம் வேகமாக ஓடும் இடத்தில்தானே சுவர் தடிக்க வேண்டும்? பபூன் குரங்குகளுக்குச் செயற்கைக் குழாய் பொருத்திச் செய்த சோதனைகள் நேர்மாறாகக் காட்டின: ஓட்டம் குறைந்தபோதுதான் உட்சுவர் தடித்தது.

என் கணிப்பில், முரண் சோதனைத் தட்டிலேயே இருக்கிறது. அசையாத திரவத்தில் வளர்ந்த செல்கள் மீது திடீரென ஓட்டத்தைத் திறந்தால், அவை காட்டுவது முதல் அதிர்ச்சி. சீரான உரசல் நீடிக்கும்போது கேஎல்எஃப்2 என்ற புரதம் மேலோங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு சுரந்து மென்தசைப் பெருக்கத்தைத் தடுக்கிறது. ஆக, நீடித்த இழுப்பு தூண்டுகிறது, நீடித்த உரசல் அடக்குகிறது. தமனி கிளைபிரியும் இடங்களில் ஓட்டம் சுழன்று தடுமாறுவதால் அந்த அடக்குமுறை தளர்கிறது. கொழுப்புப் படிவும் அங்கேதான் முதலில் தொடங்குகிறது.

பைபாஸ் அறுவையில் இழுப்பும் உரசலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. காலிலிருந்து எடுத்த சிரை, குறைந்த அழுத்தத்துக்குப் பழகியது. இதயத்தில் தைத்த மறுகணமே தமனியின் முழு அழுத்தமும் அதை இழுக்கிறது. அகன்றுபோன குழாயில் ஓட்டம் மெதுவாகி உரசலும் குறைகிறது. தூண்டல் கூடி, தடுப்பு குறைந்த நிலை அது. சிரைக்குப் பதிலாக இணைக்கப்படும் மார்புத் தமனிக்கு அந்த அழுத்தம் பழக்கப்பட்டதே. இரண்டின் சுவரமைப்பும் வேறு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான். பத்தாண்டு கழித்துப் பார்த்தால், மார்புத் தமனி இணைப்புகளில் பத்தில் ஒன்பது திறந்திருக்கின்றன. சிரை இணைப்புகளில் ஏறக்குறைய பாதி அடைபட்டிருக்கின்றன.