ஹாசெல்ட்டில் பிறந்த கேசட்

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில், லூ ஒட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியதுதான் கேசட். பெரிய ரீலில் நாடாவைக் கையால் கோத்துச் சுற்றும் தொல்லைக்கு முடிவுகட்ட நினைத்தார் அவர். கோட்டுப் பைக்குள் அடங்குகிற மரக்கட்டை ஒன்றைச் செய்துவைத்து, கருவி இந்த அளவைத் தாண்டக் கூடாது என்றார். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் அரங்கேறியது. உரிமக் கட்டணம் கேட்காமல் மற்ற நிறுவனங்களும் தயாரிக்க பிலிப்ஸ் வழிவிட்டதால்தான், ஜப்பானில் செய்த கேசட் நம் ஊர் டேப்ரெக்கார்டரிலும் ஓடியது.

இங்கே அதற்கு வேறொரு வாழ்க்கை அமைந்தது. பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த கேசட்டுகள் போயின. எழுதத் தெரியாத அம்மாவும் மகனிடம் மனம்விட்டுப் பேச முடிந்தது. பின்னணியில் குக்கர் விசில், காக்கைச் சத்தம், 'நானும் பேசறேன்' என்று இழுக்கும் குழந்தை. எந்தக் கடிதத்தில் இவையெல்லாம் வரும்?

இன்று புதிதாகப் பதிய கேசட் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்த ஒடுங்கிய பட்டையில் ஸ்டீரியோவில் இரண்டு பக்கத்துக்குமாக நான்கு தடங்கள். இரைச்சல் கூடவே வரும். கைப்பேசி இதைவிடத் தெளிவாகப் பதிகிறது.

ஆனால் நல்ல கேசட் டெக் ஒன்று இன்னமும் தேவை, அந்தப் பழைய குரல்களை மீட்பதற்கு. அலமாரி ஈரத்தில் நாடா மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அப்படி இருந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்டவே கூடாது. வாங்கும் டெக்கில் ரப்பர் பெல்ட் இளகிப் பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை முதலிலேயே உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் குரல் அழியாது. பேச்சு மந்தமாகக் கேட்டால், பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஹெட்டை ஒட்டிய சிறு திருகை மெல்லத் திருப்புங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, கணினியில் பதியத் தொடங்குங்கள்.