மேற்பரப்பு அலைச் சோதனை

மேற்பரப்பு அலைச் சோதனை என்பது நிலத்தைத் துளையிடாமல், அதில் பரவும் அதிர்வலைகளின் திசைவேகத்தைக் கொண்டு மண் அடுக்குகளின் விறைப்பை அளக்கும் முறையாகும். நிலநடுக்கத்தின்போது ஓரிடத்து மண் எவ்வாறு அதிரும் எனக் கணிக்க இது உதவுகிறது.

கோட்பாடு

துகள்களைத் தான் செல்லும் திசைக்குச் செங்குத்தாக அசைக்கும் அலை குறுக்கலை எனப்படும். இது விறைப்பான மண்ணில் வேகமாகவும், தளர்ந்த மண்ணில் மெதுவாகவும் செல்லும்.

விறைப்புக் குணகம் = அடர்த்தி × (குறுக்கலைத் திசைவேகம்)²

எடுத்துக்காட்டாக, ஒரு கன மீட்டருக்கு 1,800 கிலோகிராம் அடர்த்தியுள்ள மண்ணில் குறுக்கலை நொடிக்கு 200 மீட்டர் சென்றால், விறைப்புக் குணகம் 72 மெகா பாஸ்கல் ஆகும். வேகம் இருமடங்கானால் விறைப்பு நான்கு மடங்காகும். நீரின் வழியே குறுக்கலை செல்லாது. ஆகவே நிலத்தடி நீர் நிறைந்த இடத்திலும் மண்துகள்களின் கட்டமைப்பையே இந்த அளவு காட்டுகிறது.

செய்முறை

ஜியோபோன் எனப்படும் அதிர்வு உணரிகள், பெரும்பாலும் 24, நேர்க்கோட்டில் சம இடைவெளியில் பதிக்கப்படுகின்றன. கோட்டின் ஒரு முனைக்கு அப்பால் வைத்த உலோகத் தட்டைச் சம்மட்டியால் அடிக்கும்போது, ராலே அலைகள் எனப்படும் மேற்பரப்பு அலைகள் எழுகின்றன. குறைந்த அலைநீளமுள்ளவை மேல்மண்ணிலும், அதிக அலைநீளமுள்ளவை ஆழம் வரையிலும் பரவுகின்றன. ஆகவே அலையின் வேகம் அதிர்வெண்ணுக்கேற்ப மாறுகிறது. இம்மாற்றத்தைக் காட்டும் பிரிகை வளைகோட்டிலிருந்து ஒவ்வோர் அடுக்கின் குறுக்கலைத் திசைவேகமும் கணினியால் கணக்கிடப்படுகிறது. பல உணரிகளைக் கொண்ட இம்முறையை அமெரிக்காவின் கன்சாஸ் மாநில நிலவியல் ஆய்வாளர்கள் 1999 இல் விரிவாக வெளியிட்டனர்.

சென்னையில் பயன்பாடு

புதுச்சேரிக்கு அருகே கடலில் 2001 செப்டம்பர் 25 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 2002 இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நியமம் சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றியது.

நகரின் மண் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. கிண்டியில் சார்னோக்கைட் பாறை அதிக ஆழமின்றிக் கிடைக்கிறது. மயிலாப்பூர், அடையாறு ஆகியவற்றின் கரையோரங்களில் கடல் மணலும் ஆற்று வண்டலும் உள்ளன. தியாகராய நகர், 1920களில் 'லாங் டேங்க்' எனப்பட்ட பெரிய ஏரியின் நிலத்தில் உருவானது.

இந்திய தொழில்நுட்பக் கழகம் சென்னையின் ஆய்வாளர்கள் நகரின் பல இடங்களில் இச்சோதனையை நடத்தி, அதன் முடிவுகளை நியம ஊடுருவல் சோதனையின் அடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டனர். (63.5 கிலோகிராம் சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, மண்ணுள் 30 செ.மீ. இறங்கத் தேவையான அடிகளை எண்ணுவது அச்சோதனை.) 2010 இல் வெளியான அவர்களது தொடர்பு பின்வருமாறு:

குறுக்கலைத் திசைவேகம் = 95.64 × (அடி எண்ணிக்கை)இன் 0.301 ஆம் படி

இதன்படி 10 அடிகள் தேவைப்படும் மண்ணில் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 191 மீட்டர் ஆகும். துளையிட்ட பழைய பதிவுகள் மட்டுமே உள்ள இடங்களிலும் விறைப்பை மதிப்பிட இத்தொடர்பு உதவுகிறது.

முக்கியத்துவம்

மண்படிவின் இயல்பு அலைவுநேரம், அதன் தடிமனின் நான்கு மடங்கைக் குறுக்கலைத் திசைவேகத்தால் வகுத்தால் கிடைக்கும். பாறைக்கு மேல் 20 மீட்டர் மண்ணும் நொடிக்கு 200 மீட்டர் வேகமும் இருந்தால், அது 0.4 நொடி. நான்கு மாடிக் கட்டடத்தின் அலைவுநேரமும் தோராயமாக இதுவே. இரண்டும் ஒத்துப்போனால் ஒத்ததிர்வால் கட்டடத்தின் ஆட்டம் பெருகும். எனவே ஒரே நிலநடுக்கத்தில், பாறைமீதுள்ள கட்டடத்தைவிட மென்மண்மீதுள்ள கட்டடம் கூடுதல் பாதிப்புக்கு உள்ளாகலாம்.

வரம்புகள்

- உணரிகளைப் பதிக்க நீண்ட திறந்தவெளி தேவை. நெருக்கமான தெருக்களில் இது கிடைப்பது அரிது.
- போக்குவரத்து அதிர்வு பதிவைக் குலைக்கும். ஆயினும் அவ்வதிர்வையே அலைமூலமாகக் கொள்ளும் முறைகளும் உள்ளன.
- ஒரே வளைகோட்டிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கமைப்புகள் பொருந்தக்கூடும். ஆகவே அருகில் ஒரு துளையேனும் இட்டுச் சரிபார்த்தல் நன்று.
- கிடைக்கும் விறைப்பு மிகச் சிறிய திரிபுக்கு உரியது. வலுவான அதிர்வில் மண்ணின் விறைப்பு குறையும்.